இரண்டு தட்டு

மாலை ஐந்தே கால். ஜனவரி கடைசி வாரம். ஒனிகோஷி கணவாய்ப் பாதை.

உங்களில் யாராவது பனிக்காலத்தில் அந்தப் பாதையில் நடந்ததுண்டா? இல்லையா... நல்லது. ஒரு பக்கம் தேவதாரு, மறுபக்கம் மூங்கில், நடுவே ஒரு வண்டி போகும் அகலம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அன்று மத்தியானத்திலிருந்து பனி விடாமல் கொட்டியிருந்தது. பனி கொட்டினால் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி வரும், தெரியுமல்லவா? அந்த அமைதியில் ஒரே ஓர் ஆள் நடந்து போய்க்கொண்டிருந்தார். பெயர் கின்ஜி. நம் ஹிசாவோவின் தாய்மாமா.

ஹிசாவோ இன்று ஏன் வரவில்லை என்று காலையிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், கதை முடியும்போது அதுவும் தெரிந்துவிடும். கெய்ஜிரோ, ஸ்டவ்வை நீ ஒருத்தனே கட்டிக்கொண்டு உட்காராதே, கொஞ்சம் நகர். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் முன்னால் வாருங்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன். இது முடிந்ததும் விளக்கை அணைத்து இருட்டுப் பயிற்சி தொடங்கும். அதில் ஒரு விதி இருக்கிறது. விதியைச் சொல்லியிருப்பார்கள். அது மீறப்பட்ட கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் இங்கே வந்தது சுவரேறிக் குதிக்கவும் புகைக்குள் மறையவும் கற்றுக்கொள்ளத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த ஆசையில்தான் வந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு நின்ஜா என்றால் கறுப்புத் துணி, எறிகிற இரும்பு நட்சத்திரம். இந்த இகா மலையில் அதெல்லாம் கடையில் தொங்குகிற சாமான். கத்தி, கயிறு எல்லாம் பறிபோன பிறகு, இருட்டில், வெறுங்கையோடு மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்... நம் கூடத்தில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். சத்தமில்லாமல் கால் வைப்பது. சத்தமில்லாமல் விழுவது. சத்தமில்லாமல் ஒருவனைப் பின்னாலிருந்து கழுத்தோடு அணைத்துக் கீழே கிடத்துவது. மூக்கு நுனியில் மெல்லிய தாளை ஒட்டிக்கொண்டு, அது ஆடாமல் மூச்சு விடப் பழகுகிறோமே, அதனால் நம் ஆட்களின் மூச்சு நீளம். நாம் ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் மற்றவர்கள் நாலைந்து மூச்சு விட்டிருப்பார்கள். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி சின்னது. பிடி இறுகித் தாங்க முடியாமல் போனால் இரண்டு தட்டு. தட்டினால் விட்டுவிட வேண்டும். அந்த நொடியே. பகல் பயிற்சியில் தரையில் தட்டுவோம், கூடம் முழுக்கக் கேட்கும். இருட்டுப் பயிற்சியில் சத்தமே கூடாது. அதனால் பிடித்திருப்பவனின் உடம்பில் தட்டுவோம். அவன் கையிலோ தொடையிலோ, எது எட்டுகிறதோ அதில். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

வேறு யாருக்கும் தெரியாது. இங்கேதான் கதை இருக்கிறது.

கின்ஜிக்கு ஒரு சிநேகிதன் இருந்தான், சோஹெய். இருவரும் ஒரே வயது, ஒரே நாளில் கூடத்தில் சேர்ந்தவர்கள். சோஹெய் இருபத்தாறு வயதிலேயே நின்றுவிட்டவன், அதனால் அவனை அவன் என்றே சொல்கிறேன். அவனுடைய அம்மா இத்சு அம்மாள், கணவாய்க்கு அந்தப்புறம் குரோதானியில் கதயாகி சுடுகிறவர். அதுதான், நம் ஊர்க் கல் பிஸ்கட், மரச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி உடைத்தால்தான் வாயில் போட முடியுமே, அது. சோஹெயும் விடிகாலையில் அம்மாவோடு உட்கார்ந்து இரும்புத் தட்டில் அதைச் சுட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவான். எத்தனை குளித்தாலும் அவன் மேல் கருகிய சர்க்கரை வாசனை போகாது. ஒளிந்து தாக்கும் கலையைக் கற்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய குறை, பாருங்கள். ஆனாலும் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. எட்டு வருடத்தில் கின்ஜி அவனை ஒருமுறைகூடக் கீழே கிடத்தியதில்லை.

சோஹெய்க்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் மாலை, இருட்டுப் பயிற்சிக்கு முன்னால், கால் கழுவுகிற இடத்தில் எல்லார் முன்னாலும் சீண்டினான்.

"டேய் கின்ஜி, உன் கழுத்துல யாராச்சும் மாட்டு மணி கட்டி விட்டிருக்காங்களா? பத்தடி தூரத்துலயே நீ வர்றது கேக்குதுடா."

எல்லாரும் சிரித்தார்கள். உகாய் ஆசான்கூடச் சிரித்தார். கூடத்தை அடுத்து யாரிடம் ஒப்படைப்பது என்று ஆசான் யோசிக்கத் தொடங்கியிருந்த வருடம் அது. கின்ஜியும் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்புதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

விளக்கை அணைத்தார்கள். பன்னிரண்டு பேர், ஒரு சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் கின்ஜிக்கு இடது பக்கம் கருகிய சர்க்கரை வாசனை வந்தது. அவர் அசையவில்லை. வாசனை தாண்டிப் போக விட்டார். பிறகு ஓரடி வைத்தார், கையை நீட்டினார்... கழுத்து, எட்டு வருடமாக அகப்படாத கழுத்து, முழங்கை மடிப்புக்குள் சரியாக வந்து பொருந்தியது. இருவரும் சத்தமில்லாமல் தரையில் சாய்ந்தார்கள்.

சோஹெய் தட்டினான்.

கின்ஜியின் இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. இரண்டு விரலால் இரண்டு தட்டு. மரியாதையான, மெல்லிய தட்டு. சந்தேகமே இல்லை.

கின்ஜி விடவில்லை.

ஒரே ஒரு மூச்சு அதிகமாகப் பிடிப்போம், அவ்வளவுதான் என்று நினைத்தார். மாட்டு மணி என்றாயே, இப்போது கேட்கிறதா என்று நினைத்தார். அந்த ஒரு மூச்சு இனித்தது. இரண்டாவதும் இனித்தது. கொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை, இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கொண்டிருந்தார், அதுதான் கொடுமை. எண்ணத் தெரியாமல் போயிருந்தால் வெறி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். ஏழு. நம் மூச்சில் ஏழு.

விளக்கை ஏற்றியபோது சோஹெய் தூங்குகிற மாதிரி அவர் மடியில் தலை வைத்துக் கிடந்தான். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மருத்துவர் வரும்போது கை சில்லிட்டுவிட்டது.

"தட்டினானாடா?" என்று கேட்டார் உகாய் ஆசான்.

"இல்ல ஆசானே. அவன் தட்டவே இல்ல."

எல்லாரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? சோஹெய் வீம்பு பிடித்தவன், உயிர் போனாலும் கின்ஜியிடம் தோற்றேன் என்று சொல்லமாட்டான் என்று ஊரே பேசியது. போலீசும் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

இனி, அந்தப் பனி நாளுக்கு வருகிறேன். இது நடந்து பன்னிரண்டு வருடம் கழித்து. மறுநாள் சோஹெயின் திதி, செத்த நாளையும் சேர்த்துப் பதின்மூன்றாவது. அதற்கடுத்த வாரம் உகாய் ஆசான் கூடத்தைக் கின்ஜியிடம் ஒப்படைப்பதாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் திதிக்கு முந்தின நாள் கின்ஜி தன் மூன்று சக்கர லாரியில் ஒரு மூட்டை அடுப்புக் கரியைப் போட்டுக்கொண்டு குரோதானிக்குப் போவார். கரி வியாபாரம்தான் அவருக்குத் தொழில். இத்சு அம்மாளின் அடுப்புக்குக் கரியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வருவார். ஊரில் இதற்கே அவருக்கு நல்ல பெயர்.

அந்தத் தேநீர் ஒவ்வொரு வருடமும் அவருக்கு எப்படி இறங்கியது என்பது அவருக்குத்தான் தெரியும். ஏனென்றால் அந்த அம்மாள் ஒவ்வொரு வருடமும் பாயில் நெற்றி படக் குனிந்து அவரிடம் மன்னிப்புக் கேட்பார். பெற்ற பிள்ளையைக் கொன்றவனிடம்.

"என் பிள்ளையோட வீம்பால உன் தலையில ஒரு பாரத்தை ஏத்திட்டுப் போயிட்டான்ப்பா. பெத்தவ நான், நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

அந்த வருடம் அம்மாளுக்கு எழுபத்துநாலு வயது. கண் மங்கிவிட்டது. கதயாகியை எடுத்து, கையால் தடவிப் பார்த்து, சுத்தியால் தட்டினார். டொக்... டொக். அந்தச் சத்தம் கேட்டதும் கின்ஜி கண்ணை வேறு பக்கம் திருப்பினார். சுவரோரம் முன்னோருக்குப் படைக்கும் வீட்டு மாடம் இருந்தது, இத்தனை வருடமும் அவர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. சோஹெயின் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சோறும் தண்ணீரும் வைத்திருந்தது. சோஹெயின் படத்துக்கு முன்னால் மட்டும் கோப்பை கவிழ்ந்து கிடந்தது.

"கோப்பை கவுந்திருக்கேம்மா," என்றார்.

"நான்தான் கவுத்தேன்."

"எப்ப?"

"அவனை எரிச்சுட்டு வந்த அன்னிக்கு." அம்மாள் பிஸ்கட் தூளைக் கையால் ஒதுக்கினார். "ரெண்டு தட்டுத் தட்டியிருந்தா என்கிட்ட திரும்பி வந்திருப்பான். தட்ட மாட்டேன்னுட்டான். அம்மாவைவிட அவனுக்கு வீம்பு பெரிசாப் போச்சு. போடா, நீயும் எனக்கு வேண்டாம்னு கவுத்துட்டேன். பன்னெண்டு வருஷமா ஒரு வாய் தண்ணி வைக்கல."

கின்ஜி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கின்ஜி... கடைசியா ஒரு தடவை கேக்கறேன், கோவிச்சுக்காதே. லேசாக்கூட தட்டலியா? நீ கவனிக்காம இருந்திருப்பியோ?"

பாருங்கள், கதவு திறந்தே இருந்தது. கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும். அந்தக் கோப்பை அன்றே நிமிர்ந்திருக்கும். கின்ஜி வாயைத் திறந்தார். அடுத்த வாரத்து ஒப்படைப்பு ஞாபகம் வந்தது. பெண்டாட்டி நோபு அதற்கென்று தைத்து வைத்திருக்கும் புதுச் சட்டை ஞாபகம் வந்தது.

"இல்லம்மா. தட்டல."

"சரிப்பா," என்றார் அம்மாள். உடைக்காத கதயாகி பத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

லாரி கணவாய் உச்சிக்கு வந்து நின்றுவிட்டது. எஞ்சின் ஒரு இருமல் இருமியது, அவ்வளவுதான். எவ்வளவு முறுக்கியும் கிளம்பவில்லை. கின்ஜி பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். மணி ஐந்தே கால்.

முதலில் ஒன்றுமில்லை. தன் காலடியில் பனி நசுங்கும் சத்தம். எப்போதாவது மூங்கில் பாரம் தாங்காமல் பனியை உதறும்... பொத். மறுபடி அமைதி.

பிறகு இடது கையில் யாரோ தட்டினார்கள்.

முன்கையில். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. இரண்டு தட்டு.

கின்ஜி நின்றார். குளிரில் நரம்பு துடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கையை உதறிவிட்டு நடந்தார். இருபது அடி போயிருப்பார். மறுபடி இரண்டு. இந்த முறை கோட்டுக்கும் கம்பளிச் சட்டைக்கும் உள்ளே, தோலின் மேலேயே பட்டது. விரல் நுனி சில்லென்று இருந்தது.

நம் ஆள் அல்லவா... ஓடவில்லை. இடுப்பைத் தாழ்த்தி, மூச்சை நிறுத்தி, காதைக் கொடுத்தார். இருபது வருடப் பயிற்சி. இருட்டில் பூனை நடந்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார். பனியில் வந்த வழி நெடுக ஒரே ஓர் ஆளின் தடம். அவருடையது.

அப்போதுதான் வாசனை வந்தது. கருகிய சர்க்கரை. கையில் இருக்கும் பையிலிருந்துதான் வருகிறது என்று தோன்றியது. பையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பை ஆறிப்போய், பனி ஈரம் ஏறி, வெறும் துணி நாற்றம்தான் அடித்தது. இந்த வாசனை சூடாக இருந்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து எழுந்து வந்தவன் மேல் அடிக்கிற வாசனை. அது அவருடைய இடது பக்கமாக வந்து, அவரைத் தாண்டி, பின்னால் போய் நின்றது.

"சோஹெய்," என்றார். குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு கை கழுத்தைச் சுற்றி வந்தது.

அவசரமில்லாமல் வந்தது என்று சொல்வார். கதவைத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி, அதனதன் இடத்தில். தாடைக்குக் கீழே கட்டைவிரலை மடித்து வைக்கும் வழக்கம் நம் கூடத்தில் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. அந்தக் கட்டைவிரல் அங்கே வந்து உட்கார்ந்தது. கின்ஜி எல்லாம் செய்து பார்த்தார். குதிகாலால் பின்னால் இருப்பவன் பாதத்தை மிதித்தார்... அங்கே பாதம் இல்லை, பனிதான் நசுங்கியது. முழங்கையால் விலாவில் இடித்தார், கை காற்றில் போய்த் தன் முதுகிலேயே இடித்தது. கழுத்தில் இருக்கும் கையைப் பிடிக்கப் போனார், விரலுக்கு அகப்பட்டது தன்னுடைய கழுத்துத் தோல்தான். பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. முழங்கால் மடங்கியது. பனியில் சத்தமில்லாமல் சாய்ந்தார்.

பன்னிரண்டு வருடத்தில் யாரிடமும் தோற்காத மனிதர், கையைத் தூக்கித் தட்டினார். எதன் மேல் தட்டுவது? தன் கழுத்தின் மேலேயே தட்டினார். இரண்டு தட்டு.

பிடி விடவில்லை.

காதோரம் ஒரு மூச்சு. நீளமான மூச்சு. உள்ளே போனது... வெளியே வந்தது. ஒன்று. கின்ஜி மறுபடி தட்டினார். இரண்டு. கண்ணில் கறுப்பும் மஞ்சளுமாகப் புள்ளி ஆடியது. மூன்று. இப்போது மயக்கம் வந்துவிடும், அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. சோஹெய் விஷயத்திலும் இத்தனை வருடமாக இதைச் சொல்லித்தான் தூங்கினார். மூன்றாவது மூச்சிலேயே மயங்கியிருப்பான், மிச்சம் அவனுக்குத் தெரிந்திருக்காது என்று. மயக்கம் வரவில்லை. நாலு. நெஞ்சு வெடிக்கிற வலி, மூங்கில் இலை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது, பனி முகத்தில் விழுவது தெரிகிறது. ஐந்து. ஆறு. ஏழு.

ஏழில் விட்டது.

கின்ஜி பனியில் குப்புறக் கிடந்து இருமினார். ஏழு என்ற கணக்கை அவர் உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அது வேறொருவனுக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் கடைசி மூச்சு வரைக்கும் அவனும் எண்ணிக்கொண்டு, விழித்துக்கொண்டு இருந்திருக்கிறான். இது புரிந்தபோது கின்ஜி அந்தப் பாதையில் கிடந்து அழுதார். பயத்தில் அழவில்லை. பயமெல்லாம் போய்விட்டிருந்தது.

எழுந்தார். வீட்டுப் பக்கம் போகாமல் குரோதானிப் பக்கம் திரும்பி நடந்தார்.

இத்சு அம்மாள் வீட்டு வாசலில் நின்று, தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தட்டவில்லை. அதற்குள் கதவு உள்ளிருந்து திறந்தது, அம்மாள் நின்றார்.

"வர்றேன் வர்றேன். ரெண்டு தட்டுத் தட்டினா கேக்காதா எனக்கு? கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

கின்ஜி செருப்பு வைக்கும் மண் தரையிலேயே விழுந்து நெற்றியைப் பதித்தார்.

"அம்மா, அவன் தட்டினான். எனக்குத் தெரிஞ்சுது. நான்தான் விடல."

அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம் மட்டும். அவர் கொண்டுவந்து இறக்கிய கரி.

"எவ்வளவு நேரம் விடல?" என்று கேட்டார் அம்மாள்.

அந்தக் கேள்வியைக் கின்ஜி எதிர்பார்க்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தார். மங்கிய கண்கள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

"மூணு மூச்சும்மா."

"மூணா... மூணுல மயங்கியிருப்பான்ல? அதுக்கப்புறம் அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதில்ல?"

இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, இரண்டு தட்டு. மெல்லிய, மரியாதையான தட்டு.

"ஆமாம்மா," என்றார் கின்ஜி. "தெரிஞ்சிருக்காது."

வயதான தாயின் மனது தாங்காது, அதனால்தான் குறைத்துச் சொன்னேன் என்பார் அவர். இருக்கலாம். நான் அந்த மண் தரையில் நெற்றியை வைத்துக் கிடந்ததில்லை, எனக்குத் தீர்ப்புச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவர் மனதுக்கு நன்றாகவே தெரியும். ஏழு என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று என்றால் இளமை வேகம், கை தவறிவிட்டது. ஏழு என்றால் அதற்குப் பெயர் வேறு. ஆக, கூடத்தில் நடந்தது போலவே இங்கேயும் தட்டு தெரிந்தது, இங்கேயும் அவர் விடவில்லை.

அம்மாள் மாடத்துக்குப் போனார். கவிழ்ந்த கோப்பையை எடுத்தார். அது பன்னிரண்டு வருடத்தில் ஒட்டிப்போயிருந்தது, கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. தன் மேல்துணியின் ஓரத்தால் துடைத்தார். தண்ணீர் ஊற்றி வைத்தார். பாதி தண்ணீர் வெளியே போனது.

"குடிடா," என்றார் படத்தைப் பார்த்து. "குடி ராஜா. அம்மாவுக்குத் தெரியலடா."

அப்புறம் திரும்பாமலேயே சொன்னார்.

"நீ போ கின்ஜி. இனிமே கரி கொண்டாராதே. கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் வருது."

அவ்வளவுதான். அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. கின்ஜி அடுத்த வாரம் உகாய் ஆசானிடம் போய், முழங்கால் வலி, கூடத்தை நடத்த முடியாது என்றார். அதுவும் பாதி நிஜம்தான். அவருக்கு எப்போதும் பாதி வரைக்கும்தான் தைரியம் வரும்.

அன்றிலிருந்து அவர் தூக்கத்தில் ஒன்று நடக்கிறது. முதலில் கவனித்தது அவர் பெண்டாட்டி நோபு. விடியப்போகிற நேரம், கின்ஜி நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவருடைய வலது கை தானாக எழுந்து பாயில் தட்டும். இரண்டு தட்டு. உடனே மூச்சு நின்றுவிடும். நோபு பயந்துபோய் உலுக்குவாள், எழுந்திருக்கவே மாட்டார். பிறகு தானாகவே மூச்சு வரும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவள் எண்ணிப் பார்த்தாள். அவளும் நம் ஊர்க்காரி, நம் கூடத்து மூச்சுக் கணக்கு தெரிந்தவள். நாலு மூச்சு. ஒவ்வொரு நாளும் சரியாக நாலு. ஏழில் மூன்றைச் சொல்லிவிட்டார், மிச்சம் நாலு.

மருத்துவரிடம் போனார்கள். நாற்பது வயதை நெருங்கும்போது பல பேருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று வரும், உடம்பைக் குறையுங்கள் என்றார். உடம்பைக் குறைத்தார். நாலு நாலாகவே இருந்தது. ஒன்பது வருடம், ஒரு நாளும் கூடாமல் குறையாமல். பழகிக்கூடப் போய்விட்டது. நோபு பக்கத்தில் படுத்து எண்ணுவாள், நாலு முடிந்ததும் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை அவர் குரோதானிக்குக் கிளம்பியிருக்கிறார். ஹிசாவோ சொன்னான். கணவாய் உச்சி வரைக்கும் போவார், லாரியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார், திரும்பி வந்துவிடுவார். அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம் என்பார். அம்மாள் எங்கே போகப் போகிறார் என்பார்.

போன இலையுதிர் காலத்தில் இத்சு அம்மாள் செத்துப்போனார். எண்பத்துமூன்று வயது. கடைசி வரைக்கும் பிள்ளைக்குத் தினமும் தண்ணீர் வைத்தாராம். மூன்று மூச்சில் மயங்கிவிட்டான், பிள்ளைக்கு வலிக்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாராம், எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லமாட்டாராம்.

சாவு வீட்டிலிருந்து திரும்பிய அன்று ராத்திரிதான் கின்ஜி முதல்முறையாக ஹிசாவோவை உட்காரவைத்து, ஏழு என்ற கணக்கைச் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். ஹிசாவோ என்ன செய்ய முடியும்? அது அவனிடம் சொல்ல வேண்டிய கணக்கு இல்லை. கேட்க வேண்டியவர் போய்விட்டார்.

அன்று விடியப்போகும் நேரத்தில் நோபு எண்ணினாள். நாலு முடிந்தது. மூச்சு வரவில்லை. ஐந்தில்தான் வந்தது.

குளிர்காலம் முழுக்க ஐந்து. ஹிசாவோ இப்போது மாமா வீட்டிலேயே படுக்கிறான், அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே அந்தக் கையில் இரண்டு இடம் மட்டும் எப்போதும் சில்லென்று இருக்குமாம். கோடையிலும்.

சரி, கெய்ஜிரோ, ஸ்டவ்வைக் குறை. எல்லாரும் எழுந்திருங்கள், விளக்கை அணைக்கப் போகிறேன். யாராவது தட்டினால் விட்டுவிடுங்கள். தட்டின மாதிரி இருந்தாலே விட்டுவிடுங்கள்.

ஹிசாவோ ஏன் வரவில்லை என்றுதானே கேட்டீர்கள். காலையில் தொலைபேசியில் கூப்பிட்டான். இன்னிக்கு என்னால வர முடியாதுண்ணே, மாமா பக்கத்துல இருக்கணும் என்றான். ஏன்டா, இப்பவும் அஞ்சுதானே என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு சொன்னான்.

"நேத்து ஆறுண்ணே."